போட்டோஷாப்பில் மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால்

கேள்வி: சிறிய ஸ்டூடியோ வைத்துத் திருமண ஆல்பம் செய்துவருகிறேன். சென்ற மாதம் புதிய மானிட்டர் வாங்கியதிலிருந்து, போட்டோஷாப்பில் எந்தப் படத்தைத் திறந்தாலும் வெள்ளை வேட்டி மஞ்சள் பூத்ததுபோல் இருக்கிறது. அதே படம் கைப்பேசியில் சரியாகத் தெரிகிறது. மஞ்சளைக் குறைத்து அனுப்பினால், சொட்டு நீலம் அதிகமாகிவிட்ட வேட்டியைப்போல் ஆல்பம் அச்சாகி வருகிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும் என்கிறார் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். கார்டு கெட்டிருந்தால் திரை முழுவதும் கெட்டிருக்கும். போட்டோஷாப்பில் திறந்த படம் மட்டும் மஞ்சளாகி, அதைச் சுற்றியுள்ள பட்டைகள் சாம்பல் நிறத்திலேயே இருக்காது. இரவு நேரத்துக்கான 'நைட் லைட்' வசதியையும் இதே காரணத்தால் விட்டுவிடலாம். அதுவும் திரை முழுவதையும்தான் மஞ்சளாக்கும்.

முதலில் ஒரு சோதனை செய்துபாருங்கள். போட்டோஷாப்பில் வெள்ளைப் பின்னணியோடு ஒரு புதிய கோப்பைத் திறந்து, இன்ஃபோ பேனலைப் பார்த்தபடி சுட்டியை அதன்மேல் நகர்த்துங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 255 என்று காட்டும். கோப்பில் இருப்பது தூய வெள்ளை. உங்கள் கண்ணுக்குத் தெரிவதோ மஞ்சள். அடுத்து, வியூ மெனுவில் புரூஃப் செட்டப் என்பதற்குள் மானிட்டர் ஆர்ஜிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் அந்த நொடியே மறைந்தால், குற்றவாளி உங்கள் மானிட்டரின் நிற விவரக்கோப்பு, அதாவது ஐசிசி புரொஃபைல்.

இந்த மானிட்டர் நிறங்களை எப்படிக் காட்டும் என்பதைச் சொல்லும் ஒரு சிறு குறிப்பு அது. போட்டோஷாப் அதைப் படித்து, அதற்கேற்ப நிறத்தைத் திருத்தித் திரைக்கு அனுப்புகிறது. பெயிண்ட் போன்ற எளிய மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. குறிப்பு தவறாக இருந்தால், அதை நம்பி நடக்கும் ஒழுங்கான மென்பொருளுக்குத்தான் கெட்ட பெயர். புதிய மானிட்டரை இணைத்ததும் விண்டோஸ் அப்டேட் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தயாரிப்பாளரின் டிரைவரை, அதாவது மானிட்டரைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தும் சிறு மென்பொருளை, இறக்கிக்கொள்வதுண்டு. அதோடு இந்தக் கோப்பும் சேர்ந்து வந்து அமர்ந்துவிடும். எது வந்தது, எதை மாற்றியது என்று ஓர் அறிவிப்புகூட வராது. இத்தனை ஆண்டுகளாகியும் இதைச் சரிசெய்யாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை.

சரிசெய்யும் வழி இது. விண்டோஸின் தேடல் பெட்டியில் கலர் மேனேஜ்மென்ட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, வரும் பெட்டியில் டிவைசஸ் பக்கத்தில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ் ஃபார் திஸ் டிவைஸ்' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். இப்போது இயல்பாக உள்ள புரொஃபைலின் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'ஆட்' பொத்தானை அழுத்தி, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அளவான எஸ்ஆர்ஜிபி ஐஇசி 61966-2.1 என்பதைச் சேர்த்து, அதையே 'செட் ஆஸ் டீஃபால்ட் புரொஃபைல்' ஆக்கிவிடுங்கள். போட்டோஷாப்பை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்; மூடாமல் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களே அதிகம்.

ஒரு விலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் மானிட்டர் பெட்டியில் அடோபி ஆர்ஜிபி 99% என்றோ டிசிஐ-பி3 95% என்றோ அச்சிட்டிருந்தால், அது எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த நிற வீச்சுள்ள திரை. அதற்கு எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைப் போட்டால் மஞ்சள் போய்விடும். ஆனால் குங்குமமும் அரக்குப் பட்டும் கண்ணைப் பறிக்கும். அதைப் பார்த்து நீங்கள் சிவப்பைக் குறைப்பீர்கள், அச்சில் மணப்பெண்ணின் புடவை சாயம் போனதுபோல் வரும். ஒரு தொல்லை போய் மறு தொல்லை. அத்தகைய திரையில், மானிட்டரின் பொத்தான்களை அழுத்தினால் வரும் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்ற நிலையைத் தேர்ந்தெடுத்த பிறகே மேற்சொன்ன புரொஃபைலைப் போட வேண்டும். சில மாடல்களில் அந்த நிலைக்குப் போனதும் வெளிச்ச அளவை மாற்ற முடியாமல் பூட்டிவிடுவார்கள். அப்படியானால் நிறத்தை அளக்கும் கருவியைத் திரைமேல் வைத்து உங்கள் மானிட்டருக்கென்றே புரொஃபைல் தயாரிப்பதுதான் ஒரே வழி. பெட்டியில் 72% என்டிஎஸ்சி என்று மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். அது ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபி அளவுதான், பெயர்தான் வேறு.

இனி எச்சரிக்கைகள். போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் ஆர்ஜிபி என்ற இடத்தில் மானிட்டர் ஆர்ஜிபியைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். அப்போது திரையில் மஞ்சள் மறைவது உண்மை. ஆனால் நோயைக் கோப்புக்குள் ஏற்றி, ஆல்பம் அச்சிடும் லேபுக்கு அனுப்புகிறீர்கள் என்பது அதைவிடப் பெரிய உண்மை. அங்கே எஸ்ஆர்ஜிபியே இருக்கட்டும். 'கேலிபரேஷன்', அதாவது திரையின் நிறத்தை அளந்து சீராக்கும் வேலை, செய்து தருகிறேன் என்று வருபவரிடம், திரையில் வைக்கும் கருவி கொண்டுவந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வெறும் கண்ணால் பார்த்து மானிட்டர் பொத்தான்களைத் திருகுவதற்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் கார்டை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, மறுநாளே பழைய மஞ்சளைத் திரும்பப் பெற்றார். இணையம் இணைந்ததும் அதே டிரைவர் அதே கோப்போடு வந்து சேர்ந்துவிட்டது.

ஏற்கெனவே மஞ்சளைக் குறைத்த படங்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் இப்போது அவசரம். அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் குறைத்திருந்தால் அந்த லேயரின் கண் குறியை அணைத்தால் போதும். ஜேபெக்கின்மேல் நேரடியாகச் சேமித்திருந்தால் அதைத் திருத்த முயலாமல், கேமராவின் மூலக்கோப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். சேமிக்கும்போது ஐசிசி புரொஃபைல் என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். முழு ஆல்பத்தையும் அனுப்புவதற்கு முன், வேட்டி நன்றாகத் தெரியும் ஒரே ஒரு படத்தை லேபில் அச்சிட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் திரைக்கு அருகே பிடித்துப் பாருங்கள்.