கடலைப் பார்த்துக்கொண்டு கரிமீன்

கேள்வி: ஜூலை இரண்டாம் ஞாயிறன்று வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகளோடு கொல்லங்கோட்டுக்கு அப்பால் கேரள எல்லையை ஒட்டிய ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போனேன். ஊரெல்லாம் பேசுகிறார்களே என்று அங்குள்ள கடல் உணவு ஹோட்டலில் சாப்பிட்டோம். பில் 7,877 ரூபாய்! வெளியே வந்தால், கடப்புறத்தில் ஒரு அம்மா நூறு ரூபாய்க்கு ஒரு கூறு சாளை (மத்தி) விற்றுக்கொண்டிருக்கிறார். மீன் பிடிக்கிற ஊரிலேயே மீனுக்கு இந்த விலையா? இது பகல் கொள்ளை இல்லையா? இனிமேல் மீனை வாங்கி வீட்டிலேயே சமைத்துக்கொள்வோம் என்கிறாள் வீட்டுக்காரி. பில்லை இணைத்திருக்கிறேன்.
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பில்லை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தைவிட அது தெளிவாகப் பேசுகிறது. கரிமீன் பொள்ளிச்சது இரண்டு, 1,100. நெய்மீன் வறுவல் நாலு, 1,800. சிங்கி இறால் (லாப்ஸ்டர்), ‘சைஸ் பார்த்து’, 3,200. சோறும் கறியும் நாலு பேருக்கு 720. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 682. கடைசியில் ஜி.எஸ்.டி. 375. கொள்ளை நடந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கைகாட்டுகிற இடத்தில் நடக்கவில்லை.

முதலில் கரிமீன். கடலோர மேசையில், அலைச் சத்தத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்டது காயல் மீனை, அதாவது கடலை ஒட்டிய உப்பங்கழியில் வாழ்கிற மீனை. கேரளம் 2010-இல் தன் மாநில மீனாக அறிவித்ததே அதைத்தான். வேம்பநாட்டுக் காயலிலும் அஷ்டமுடியிலும் பேர்பெற்ற மீன் அது. அதுவும் போதாமல் ஆந்திரப் பண்ணைக் கரிமீன் லாரி லாரியாகக் கேரளச் சந்தைக்கு வருகிறது. உங்கள் தட்டில் இருந்தது எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. வாழையிலையில் சுற்றி மசாலா போட்டுவிட்டால் யாருக்குத்தான் தெரியும்? ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலுக்கும் அதற்கும் உறவில்லை. நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். இதில் ஹோட்டல்காரரைச் சொல்லிக் குற்றமில்லை.

அடுத்து, நெய்மீன். சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம். நீங்கள் போனது ஜூலையில். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் (இழுவலை) தடை. வள்ளமும் கட்டுமரமும் போகலாம்தான், ஆனால் மழைக்காலக் கடல் விட்டால்தானே! கிழக்குக் கரையில் தடை ஜூன் 14-ஓடு முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த நெய்மீன் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருக்கலாம், அல்லது குளிர்பதனக் கிடங்கில் இருந்து வந்திருக்கலாம். மழைக்காலத்தில் எல்லைக் கிராமத்துக்குப் போய் நெய்மீன் கேட்பவர், அந்த மீன் பயணம் செய்த செலவையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

‘மீன் பிடிக்கிற ஊரிலேயே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரையுள்ள நம் எல்லைக் கடற்கரை ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போவதில் பேர்போனவர்கள். தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். ஆனால் அந்த மீனில் பெரும்பகுதி அவர்களுடைய ஊர்க் கரைக்கு வருவதே இல்லை. பல படகுகள் கொச்சியில் போய் இறக்குகின்றன, அங்கேயே ஏலம் போகிறது. ஊரில் கிடைப்பது சின்ன வள்ளக்காரர்கள் கொண்டுவருகிற சாளை, அயிலை, நெத்தலி, வாளை. மீன்பிடி ஊரில் பெரிய மீன் மலிவாகக் கிடைக்கும் என்று நினைப்பது, முந்திரி ஆலை இருக்கிற ஊரில் முந்திரிப் பருப்பு சும்மா கிடைக்கும் என்று நினைப்பது போலத்தான். நம் மாவட்டத்துக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிங்கி இறாலுக்கு வருவோம். உங்களுக்கு அதிகம் வலித்திருப்பது அதுதான். சிங்கி உயிரோடு இருந்தால் ஒரு விலை, செத்துவிட்டால் வேறு விலை. ஏற்றுமதிக்காரர் கரையிலேயே காத்திருப்பார். அந்த ஹோட்டல்காரர் போட்டி போடுவது பக்கத்துக் கடையோடு இல்லை, வெளிநாட்டுத் தட்டோடு. போதாததற்கு ஓடு, தலை, கால் எல்லாம் கழித்தால் தின்ன மிஞ்சுவது எடையில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் 3,200 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் நான் கூச்சல் போட மாட்டேன். அது எத்தனை கிராம் என்று உங்களுக்குத் தெரியாதே, அதற்குத்தான் கூச்சல் போடுவேன். சைஸ் பார்த்து என்றால் யார் பார்த்தது? நீங்கள் பார்த்தீர்களா? தராசு மேசைக்கு வந்ததா? நம் கரையில் கிடைக்கிற ஒரு வகைச் சிங்கி 200 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் 2003-இலேயே அறிவித்துவிட்டது. அப்படித் தள்ளப்படுகிற குட்டிகள் எங்கே போகின்றன என்று நினைக்கிறீர்கள்? நம்மைப் போல எடை கேட்காத ஆட்களின் தட்டுக்கு.

நானும் இதில் ஏமாந்தவன்தான். சில வருஷங்களுக்கு முன், இதே எல்லைப் பக்கம் இன்னொரு கிராமத்தில், ஓலை வேய்ந்த ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தேன். விலை கேட்பது மரியாதை இல்லை என்று ஒரு வீம்பு. பாரை மீன் வந்தது, தின்றேன், பில்லைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். மறுமுறை வேறொரு கடை. அங்கே சமையல்கட்டிலிருந்து ஒரு அக்கா ஈரக் கையோடு வந்து, தட்டில் இரண்டு விளமீனை வைத்துக் காட்டினார். கட்டைவிரலால் செவுளைத் தூக்கினார். உள்ளே ரத்தச் சிவப்பு. “இது இன்னைக்கு வெளுப்பிலே வந்தது. அது நேத்தைக்கு உள்ளது. எது வேணும்?” என்று கேட்டுவிட்டு, இன்றைய மீனைத் தராசில் வைத்து, எடையைச் சொல்லி, விலையைச் சொல்லி, நான் தலையாட்டிய பிறகுதான் கத்தியை எடுத்தார். முதல் கடையைவிட இருநூறு ரூபாய் கூடத்தான் ஆயிற்று. ஆனால் அந்த ஊருக்கு மறுபடி போனால் அங்கேதான் சாப்பிடுவேன். குடம்புளி போட்ட கறிச் சட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிராமம் என்றால் மலிவு என்ற எண்ணமும் சரியில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை நாலு மேசை நிறையும், மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டும். ஐஸ் வெளியிலிருந்து வர வேண்டும், 19 கிலோ கேஸ் சிலிண்டரும் வெளியிலிருந்து வர வேண்டும். கடலரிப்பில் ரோடு பாதி போன இடங்களும் உண்டு. ஒருநாள் கூட்டத்தில்தான் ஏழு நாள் செலவை எடுக்க வேண்டும். அதனால் வறுவல் ஒரு துண்டு 450 என்றால் எனக்கும் கசக்கிறதுதான், ஆனால் மெனு அட்டையில் போட்டிருந்திருக்கும், நீங்களும் படித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பீர்கள்.

சரி, உண்மையான கொள்ளை எங்கே? கீழே அந்தச் சின்ன எழுத்தில். சர்வீஸ் சார்ஜ் 682. ஹோட்டல்கள் இதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம், கட்டாயம் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜி.எஸ்.டி.யை அந்த 682-க்கும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு 34 ரூபாய். ஆக மொத்தம் 716 ரூபாய், மீனும் இல்லாமல் முள்ளும் இல்லாமல் போயிருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். எடுக்க மாட்டோம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். கடிதம் முழுக்கத் தேடினேன், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மீனுக்குக் கோபப்பட்டு, இதைக் கேட்காமல் வந்துவிட்டீர்கள்.

அந்த நூறு ரூபாய்ச் சாளையைப் பற்றி எழுதியதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். அன்று அந்த ஊரில் அந்தக் கடலிலிருந்து வந்த மீன் அநேகமாக அது ஒன்றுதான். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் கறி வைத்துத் தருகிற சாயாக்கடை அந்தத் தெருவிலேயே இருந்திருக்கும். உங்கள் பிள்ளைகள் முள் எடுத்துத் தின்பார்களோ என்னவோ.

வீட்டிலேயே சமைக்கலாம் என்று உங்கள் வீட்டுக்காரி சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தச் சாளையை உட்கார்ந்து ஆய்வது யார் என்று கடிதத்தில் எழுதவில்லையே?