சமையலறையை உடைப்பதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் வீடு புதுப்பிக்கும் பேச்சு தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமையலறை பற்றித்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாக்கி, கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

ஐயா, ஈசூனில் 1987-ல் கட்டிய புளோக்கில் நாலறை வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கியிருக்கிறோம். கேபினெட், தரை டைல்ஸ் எல்லாம் மாற்றி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரையும் எடுத்துவிட ஆசை. நண்பர் மூலமாக வந்த குத்தகையாளர் (காண்ட்ராக்டர்), "பெர்மிட் எல்லாம் எதுக்கு, செங்கல் சுவர்தானே, தட்டிப் பார்த்தாலே தெரியுது, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்கிறார். விலையும் மற்றவர்களைவிட நாலாயிரம் வெள்ளி குறைவு. நம்பலாமா?

தட்டிப் பார்த்துச் சுவரைக் கண்டுபிடிக்கிறவர் தேங்காய் வாங்கப் போகலாம், சுவர் உடைக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன மூன்று வேலையும் மூன்று விதம். கேபினெட் மாற்றுவதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (எச்டிபி) அனுமதி தேவையில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். சாயம் பூசுவதும் அப்படித்தான். தரை டைல்ஸைப் பெயர்த்துப் போடுவதற்கும் சுவரை எடுப்பதற்கும் அனுமதி கட்டாயம் வேண்டும். சுவர் வெறும் செங்கல்தான் என்றாலும் வேண்டும். தூண், உத்தரம், கான்கிரீட் சுவர் என்று கட்டடத்தின் எடையைத் தாங்குகிற எதையும் தொட முடியாது. உங்கள் சுவர் இதில் எந்த வகை என்பதை வீட்டின் வரைபடத்தையும் கட்டட விவரங்களையும் வைத்துக் கழகம் சொல்ல வேண்டும். சுத்தியலால் தட்டி வரும் சத்தம் அதைச் சொல்லாது. வரைபடத்தைக் கழகத்தின் இணையத்தளத்திலேயே கட்டணம் கட்டி வாங்கலாம். கோடு தடிப்பாக இருக்கும் இடங்களைப் பார்த்தால் ஓரளவு உங்களுக்கே பிடிபடும். ஆனாலும் முடிவை அதை வைத்து நீங்கள் எடுக்காதீர்கள்.

விண்ணப்பம் போடுவது குத்தகையாளரின் வேலை. அதற்கு அவர் கழகத்தின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவரால் விண்ணப்பமே போட முடியாது. "பெர்மிட் எதுக்கு" என்று அவர் கேட்பதற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கழகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உள் அலங்கார நிறுவனத்திடம் கொடுப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படம் போட்டுக் காட்டுகிறவர் ஒருவர், உடைக்கிறவர் இன்னொருவர் என்று இருக்கும், உடைக்கிறவர் பட்டியலில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

நாலாயிரம் வெள்ளி மிச்சம் என்கிறீர்கள். அனுமதி இல்லாமல் செய்த வேலைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், அதோடு உடைத்ததைப் பழையபடி கட்டச் சொல்வார்கள். யாருக்கும் தெரியாமலே போய்விட்டாலும், பின்னால் வீட்டை விற்கும்போது கழகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். அன்று அந்தக் குத்தகையாளர் எந்த நாட்டில் இருப்பாரோ, சரிசெய்து கொடுக்கவேண்டியது விற்கிறவராகிய நீங்கள்.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். யாரும் படிப்பதில்லை. எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். தரைக்கு மட்டும் வாங்கிய கடிதத்தைக் காட்டிச் சுவரையும் உடைத்த கதை எனக்கே தெரியும்.

பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிட்டால் நல்லதா? செலவு குறைவு, சத்தமும் இல்லை என்கிறார்கள். – தோ பாயோ வாசகி

நல்லதுதான், ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் சேர்த்துத் தரையின் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய வீடு என்றால் உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே ஓர் அடுக்கு ஒட்டியிருப்பார், அவருக்கு முன்னால் இருந்தவரும் ஒட்டியிருப்பார். என் வீட்டில் அப்படித்தான் இருந்தது. கேபினெட்டைக் கழற்றியபோது அடியில் ஓர் ஓரம் உடைந்திருந்தது, எட்டிப் பார்த்தால் மேலே பழுப்பு, நடுவில் வெள்ளை, அடியில் பச்சைப் பூ போட்ட சின்னச் சதுரம் என்று மூன்று அடுக்கு, லாப்பிஸ் கேக் மாதிரி. அதற்கு மேல் நான்காவது ஒட்ட வழியில்லை, எல்லாவற்றையும் பெயர்த்தோம்.

பெயர்த்தால் இன்னொரு விஷயம் வருகிறது. டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு தடுப்புப் பூச்சு இருக்கும், உடைக்கும்போது அதுவும் போய்விடும். அதைப் புதிதாகப் பூசி, காயவிட்டு, தண்ணீர் தேக்கிச் சோதித்துவிட்டுத்தான் மேலே டைல்ஸ் போட வேண்டும். அவசரக் குத்தகையாளர் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான், ஏனென்றால் டைல்ஸ் போட்ட பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் டைல்ஸ் எல்லாம் பளபளவென்று போட்டு நாலு மாதம் கழித்து, கீழ்வீட்டு மலாய்ப் பாட்டி மேலே ஏறி வந்து, கோபமே இல்லாமல், "உங்கள் சிங்க் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். கீழே போய்ப் பார்த்தேன். அவர் அடுப்புக்கு நேர் மேலே கூரையில் தோசை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம். மறுபடியும் முதலிலிருந்து.

அதனால் என் யோசனை, பூச்சு பூசும் நாளன்று வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். டைல்ஸ் நிறம் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறுகிறோம், இதற்கு ஒரு நாள் கொடுக்கலாம்.

கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் போடப்போகிறோம். ஓவன், கிரைண்டர், பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாம் உண்டு. வீடு 1980-களில் கட்டியது. மின்சாரத்துக்குத் தனியாக அனுமதி உண்டா? – அங் மோ கியோ

முதலில் மெயின் சுவிட்சைப் பாருங்கள். 1994-க்கு முன் கட்டிய வீடுகளில் பலவற்றுக்கு 30 ஆம்பியர்தான் வரும். அந்தக் காலத்தில் ஒரு மின்விசிறி, ஒரு குளிர்பதனப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி, அவ்வளவுதானே. அதில் இண்டக்‌ஷனும் ஓவனும் ஒன்றாக ஓட, கூடத்தில் ஏர்கானும் ஓடினால் தீபாவளியன்று முறுக்கு பாதி வெந்த நிலையில் வீடு இருட்டாகும். 40 ஆம்பியருக்கு ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய முடியும், தேவையான விண்ணப்பத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். கேபினெட் செய்கிறவர் "நானே ஒயர் இழுத்துவிடுகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேபினெட் அளவு எடுப்பதற்கு முன்பே மின்பணியாளரைக் கூட்டி வந்துவிடுங்கள், மாட்டிய பிறகு பின்பக்கம் பிளக் இல்லை என்று துளைபோடுவது பெரிய கொடுமை.

அப்புறம், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி இப்போது எல்லா வீட்டிலும் கட்டாயம். 2023 ஜூலை முதல் தேதி விதி வந்து, இல்லாதவர்களுக்கு 2025 ஜூலை முதல் தேதி வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். முக்கியமாக 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில்தான் இது இல்லாமல் இருக்கும். உங்கள் வீடு அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது, பெட்டியைத் திறந்து 'டெஸ்ட்' என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ் அடுப்பை எடுக்கிறோம் என்றீர்கள். குழாய் எரிவாயு என்றால் அதை மூடுவதும் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரின் வேலைதான். குழாயை அழகுக்காகச் சுவருக்குள்ளே புதைக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயை இடம் மாற்ற உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும். தண்ணீர் திறக்கும் டாப்பை மட்டும் மாற்றுவதற்கு யாரும் வேண்டாம், நீங்களே மாற்றலாம்.

பொங்கோலில் பிடிஓ வீடு (கழகத்திடம் முன்பதிவு செய்து வாங்கிய புது வீடு), சாவி போன மாதம்தான் கிடைத்தது. சமையலறையை ஒட்டி பாம் ஷெல்டர் (பாதுகாப்பறை). அந்தச் சுவரில் பாதியை எடுத்தால் ஃபிரிட்ஜ் உள்ளே போய்விடும். முடியுமா? மூன்று வருடம் எதையும் உடைக்கக்கூடாது என்கிறார்களே, அதுவும் உண்மையா?

முடியாது. பாதுகாப்பறையின் சுவர், தரை, கூரை, இரும்புக் கதவு எதையும் உடைக்கவோ மாற்றவோ முடியாது, பெர்மிட் கேட்டாலும் கிடைக்காது. ஃபிரிட்ஜை வேறு அளவில் வாங்குங்கள்.

மூன்று வருடக் கதை பாதி உண்மை. கட்டடம் முடிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் குளியலறை, கழிவறையின் தரை, சுவர் டைல்ஸைப் பெயர்க்கக் கூடாது என்பதுதான் விதி. அது எப்படியோ வாய்வழியாக வளர்ந்து சமையலறை, கூடம் என்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

மேல்வீட்டில் சனிக்கிழமை காலையிலேயே டைல்ஸ் உடைக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு. பெர்மிட் இருக்கிறது என்று அலட்சியமாகப் பேசுகிறார்கள். – தெம்பனிஸ்

பெர்மிட் இருக்கட்டும். சுவர் உடைப்பது, டைல்ஸ் பெயர்ப்பது, வெட்டுவது போன்ற பெரிய சத்த வேலையெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனிக்கிழமை கூடாது. சத்தமில்லாத மற்ற வேலைகளைச் சனிக்கிழமையும் சேர்த்து மாலை 6 வரை செய்யலாம். ஞாயிறும் பொது விடுமுறையும் எதுவும் கூடாது. மொத்த வேலையையும் முடிக்கப் பழைய புளோக்குகளில் ஒரு மாதம், புது புளோக்குகளில் மூன்று மாதம் கொடுக்கிறார்கள்.

முதலில் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள், அதில் குத்தகையாளரின் எண் இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். பல நேரம் வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தான் வேலைக்காரர்கள் சனிக்கிழமை வந்து நிற்பார்கள். கேட்கவில்லை என்றால் கழகத்திடம் புகார் செய்யுங்கள், தேதியும் நேரமும் குறித்து வைத்திருந்தால் பேச்சு நீளாது.

எங்களுடையது கொண்டோ (தனியார் அடுக்குமாடி). எச்டிபி விதி எங்களுக்கு இல்லைதானே?

இல்லை. உங்களுக்கு உங்கள் கொண்டோ நிர்வாக மன்றத்தின் விதி. நேரம், லிஃப்டுக்குப் போர்வை, வைப்புத்தொகை என்று ஒரு தாள் கொடுப்பார்கள், சில இடத்தில் எங்களுடையதைவிடக் கடுமை. தாங்கு சுவரைத் தொட வேண்டுமென்றால் கட்டட, கட்டுமான ஆணையம் வரை போக வேண்டும்.

அம்மா தஞ்சாவூரிலிருந்து ஆட்டுக்கல்லைக் கப்பலில் அனுப்பிவிட்டார். புதுச் சமையலறையில் தரையில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். இதற்கும் பெர்மிட் வேண்டுமா? – உட்லண்ட்ஸ் வாசகர், உண்மையான கேள்வி என்று அடிக்கோடிட்டிருக்கிறார்

வேண்டாம். அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள், புது டைல்ஸ் கீறும். மாவாட்டும் நேரத்தை மட்டும் கீழ்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், போகும்போது வெறுங்கையோடு போகாமல் நாலு இட்லி கொண்டுபோங்கள்.