பிள்ளைகளைக் கூடவே கூட்டிப் போக முடியுமா?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் எங்கள் வீடு. பாறசாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். இப்போது இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார், அந்த வேலையை விட அவருக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு 9 வயது, 5 வயது. "நீங்க முதல்ல போங்க, மூணு மாசத்துல பிள்ளைகள அனுப்பி வைக்கிறோம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
- ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: வேலைக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம் சகோதரி. ஆனால் பணம் கட்டும் முன்பு ஏஜென்டிடம் ஒன்று கேளுங்கள்: அப்பா ஷார்ஜாவில் இருக்கும்போது பிள்ளைகளுக்கு எப்படி விசா வாங்கப் போகிறார்? 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு டிபென்டன்ட் விசா (வேலைக்குப் போகிறவரின் குடும்பத்தாருக்குத் தரும் விசா) வேண்டுமென்றால் அம்மா, அப்பா இரண்டு பேரும் இங்கிலாந்தில் இருக்க வேண்டும், அல்லது பிள்ளையோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் அங்கே பொது விதி. ஒருவர் மட்டும் போதும் என்றால் மற்றவர் உயிரோடு இல்லை, அல்லது பிள்ளையின் முழுப் பொறுப்பும் ஒருவரிடம்தான் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மிக அபூர்வமான வேறு சில காரணங்களையும் ஏற்பார்கள். மாதம் பணம் அனுப்பி, தினமும் போனில் பேசி, எந்தப் பள்ளி என்று முடிவு செய்கிற அப்பா இருக்கும்போது முழுப் பொறுப்பும் என்னுடையது என்று நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது, எழுதவும் கூடாது. அது பொய்யாகிவிடும்.

குமரி மாவட்டத்தில் அம்மா நர்ஸ், அப்பா வளைகுடா என்கிற குடும்பங்கள் நிறைய. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன், அங்கே போய் இறங்கிய பிறகு இந்த விதி தெரியவந்தால் பிள்ளைகள் பாட்டி வீட்டிலும் நீங்கள் நைட் டியூட்டியிலுமாக வருஷங்கள் ஓடிவிடும். கணவரும் டிபென்டன்டாக வந்தால் சிக்கல் தீரும், அவருக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு. உங்கள் விசா ஹெல்த் அண்ட் கேர் வகை (மருத்துவ, பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கானது) என்றால் குடும்பத்தில் யாருக்கும் மருத்துவ சர்சார்ஜ் (விசாவோடு சேர்த்துக் கட்டும் அரசு மருத்துவக் கட்டணம்) கிடையாது, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கட்டணமும் இல்லை. வங்கியில் கணவருக்கு 285 பவுண்டு, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த பிள்ளைக்கு 200 என்று 28 நாள் இருப்பு காட்டச் சொல்வார்கள். மருத்துவமனையே பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் அதுவும் தேவையில்லை.

அவர் வரவே மாட்டார் என்றால் பிள்ளைகளை ஷார்ஜாவில் அவர் ஸ்பான்சர் செய்ய முடியுமா என்று பாருங்கள். சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். ஆனால் அங்கே பள்ளிக் கட்டணம் பெரிய செலவு, அவர் வேலைக்குப் போனால் ஐந்து வயசுப் பிள்ளையை யார் பார்ப்பது? என்னைக் கேட்டால் கணவரும் நீங்களும் உட்கார்ந்து, அவர் எந்த மாதம் வேலையை விடுவார் என்று பேசி முடித்த பிறகு நீங்கள் விமானம் ஏறுவது நல்லது.

ஆஃபர் லெட்டரில் நர்ஸ் என்று இருக்கிறதா, கேர் ஒர்க்கர் (முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்) என்று இருக்கிறதா என்பதையும் வாசித்துப் பாருங்கள். கேர் ஒர்க்கராகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போவதை 2024 மார்ச் 11-லேயே நிறுத்திவிட்டார்கள், 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது.

அப்புறம் சான்றிதழ். உங்கள் பிள்ளைகள் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள மருத்துவமனையில் பிறந்திருந்தால் பிறப்பைப் பதிவு செய்தது கேரள உள்ளாட்சி அமைப்புதான், வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும் சரி. பெயரில் எழுத்துப் பிழை, அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி சான்றிதழில் ஒரு மாதிரி, இனிஷியல் மட்டும் இருப்பது, இதையெல்லாம் அங்கேதான் போய்த் திருத்த வேண்டும், நாகர்கோவிலில் அலைந்து பயனில்லை. ஷார்ஜாவுக்கு என்றால் அட்டெஸ்டேஷனும் (சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவது) கேரள அரசு வழியாகத் தொடங்கி, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று போகும். இந்த வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்.

கேள்வி: கனடா பி.ஆர்.-க்கு (நிரந்தரக் குடியிருப்பு) எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற ஆன்லைன் முறையில் விண்ணப்பிக்கிறோம். 20 வயது மகன் கல்லூரிப் படிப்பு முடியும்வரை இங்கேதான் இருப்பான். வராதவன் பெயரை எதற்குப் போட வேண்டும், மெடிக்கல் செலவு மிச்சம் என்கிறார் ஏஜென்ட்.
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: போட்டே ஆக வேண்டும் ஐயா. கூட வராத பிள்ளையின் பெயரையும் கொடுத்து, அவனுக்கும் மெடிக்கல் எடுக்க வேண்டும். இன்று மறைத்தால் நாளை அவனைக் குடும்ப ஸ்பான்சர்ஷிப்பில் அழைக்கும் வழி அடைபட்டுவிடும், பொய்த் தகவல் என்று முடிவு செய்தால் உங்களுக்கே 5 வருடத் தடை வரும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மகனைக் குடும்பத்திலிருந்து வெட்டிவிடச் சொல்கிற ஏஜென்டை உடனே மாற்றுங்கள். 22 வயது நிறையாத, திருமணமாகாத பிள்ளையைத்தான் அங்கே டிபென்டன்டாகக் கணக்கில் எடுப்பார்கள், முழுமையான விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. உங்களுக்கு நேரம் அதிகமில்லை.

கேள்வி: கணவர் பிரிந்துபோய் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. மகளுக்கு பாஸ்போர்ட் எடுக்க அவர் கையெழுத்து வேண்டுமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை அம்மா. பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் படிவம் இணைப்பு டி. ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் இணைப்பு சி, கணவரின் சம்மதம் ஏன் கிடைக்கவில்லை என்று அதில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். ஆனால் விசாவுக்கு அது போதாது, அப்பாவின் சம்மதக் கடிதமோ, பிள்ளை யார் பொறுப்பில் என்று சொல்லும் நீதிமன்ற உத்தரவோ பல நாடுகள் கேட்கும். வழக்கு முடிய நாளாகும் என்பதால், வெளிநாட்டில் வேலை தேடுவதாக இருந்தால் அப்போதே குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டுவிடுங்கள்.