நூலகர் பதில்கள்: பத்து காசு எங்கே போகிறது?

(குன்னூரில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், புத்தகம், பதிப்பு, நூலகம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வீட்டு வரி ரசீதில் ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. எங்கள் வீட்டில் நூலகப் படியேறுகிறவர் யாருமில்லை. எதற்காகக் கட்ட வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

கட்டித்தான் ஆக வேண்டும், சட்டம் அப்படி. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. ஆயிரம் ரூபாய் வரி என்றால் நூறு ரூபாய் நூலகத்துக்கு.

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டம் அதுதான் முதல். அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார், பின்னால் நின்று உழைத்தவர் நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன். நகராட்சியோ ஊராட்சியோ வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூலிப்பதில் இருக்கிற சுறுசுறுப்பு ஒப்படைப்பதில் இருப்பதில்லை என்பது பழைய கதை.

நீங்கள் நூலகத்துக்குப் போகாவிட்டாலும் அந்தப் பணம் போகிற இடம் ஒன்று உண்டு. தமிழில் ஒரு நாவலோ கட்டுரைத் தொகுப்போ போடுகிற சின்னப் பதிப்பாளர், அச்சகத்துக்குப் பாக்கி வைத்துவிட்டு எதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்? நூலகங்களுக்காகப் புத்தகம் வாங்க அரசு தரும் நூலக ஆணையை. ‘ஆர்டர் வந்துவிட்டதா?’ என்பதுதான் அவர்கள் சந்தித்துக்கொண்டால் கேட்கிற முதல் கேள்வி. பதிப்புத் தொழிலுக்கு அரசு தருகிற ஆதரவு என்று எதையெதையோ சொல்வார்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரியது உங்கள் வீட்டுப் பத்து காசுதான்.

நூலகத்துக்கு வரும் சில புத்தகங்களில் எழுத்து பெரிது, ஓரத்தில் ஏகப்பட்ட வெற்றிடம், பக்கத்துக்கு நாலு வரி. ஏன் இப்படி?
– கல்லூரி மாணவி, உதகமண்டலம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். நூலகத் துறை பல காலமாகப் புத்தகத்துக்கு விலை வைத்தது இந்தப் பாரக் கணக்கில்தான். அளவு என்ன, தாள் என்ன, எத்தனை பாரம் என்று பார்த்து விலை. உள்ளே இருப்பது பத்து வருட உழைப்பா, பத்து நாள் வேலையா என்பது அந்தக் கணக்கில் வராது. அப்புறம் என்ன ஆகும்? ஐந்து பாரத்தில் முடிய வேண்டியது எட்டாக வீங்கும்.

நான் வேலையில் இருந்தபோது புத்தகக் கட்டு வந்தால் நானே சணலை அறுத்துப் பிரிப்பேன். ஒரு முறை ஒரு கவிதைத் தொகுப்பு. வலப்பக்கம் நாலு வரி, இடப்பக்கம் ஒரு பூவின் கோட்டோவியம். அடுத்த தாளைத் திருப்பினால் அதே பூ, இன்னொரு நாலு வரி. கடைசிவரை அப்படியே. அதே கட்டில் மலைத் தாவரங்கள் பற்றி அருமையான ஒரு நூல். பாரத்தை மிச்சம் பிடிக்கப் பொடி எழுத்தில் நெருக்கி அச்சிட்டிருந்தார்கள், என் வயதுக்காரர் யாரும் படிக்க முடியவில்லை. தாளும் மட்டம். குன்னூரில் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்து, முதுகுப் பசை விட்டு, ஐப்பசிக்குள் உதிரித் தாளாகக் கைக்கு வந்தது. ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டி மறுபடி அலமாரியில் வைத்தேன்.

பதிப்பாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் ஒருவரே என்றால், விற்கிறவர் அவர் அளவுக்குத்தான் சட்டை தைப்பார்.

நார்வேயில் 1965 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. தேர்வுக் குழு தரமில்லை என்று ஒதுக்காத புதிய இலக்கிய நூல்களில் நூற்றுக்கணக்கான படிகளை அரசின் கலை மன்றம் வாங்கி நூலகங்களுக்குக் கொடுக்கும். அந்த நாட்டு மக்கள்தொகையே ஏறத்தாழ 55 லட்சம். ஏழு கோடிக்கு மேல் இருக்கிற நம்மிடமும் கொள்முதல் உண்டு, ஆனால் எந்த ஆண்டு வரும், பணம் எப்போது கைக்கு வரும் என்பது வெகுகாலம் ஜோசியமாகத்தான் இருந்தது. 2024இல் வெளிப்படையான நூல் கொள்முதலுக்கென்று ஒரு கொள்கையை மாநில அரசு அறிவித்து, விண்ணப்பத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம், இந்த வேகம் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். கொள்முதலில் ஒரு பங்கையாவது கிளை நூலகர் தன் வாசகரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க விட வேண்டும். பச்சைத் தேயிலை விலையைப் பற்றியும் கேரட்டுக்கு வரும் நோயைப் பற்றியும் எங்கள் ஊரில் கேட்பார்கள். கட்டைப் பிரித்தால் நெல் சாகுபடி இருக்கும்.

படகர் பழமொழிகளைத் தமிழ் எழுத்தில் தொகுத்திருக்கிறேன். நானே வெளியிடலாமா? அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி

தாராளமாக வெளியிடுங்கள் அம்மா. அனுமதி எதுவும் வேண்டாம். புத்தகங்களையும் பதிவுக்குள் வைத்திருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அது பருவ இதழ்களுக்கு மட்டும்.

புத்தகத்துக்கு அடையாளமாக இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணை இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். இந்தியாவில் அது இலவசம். ‘நான் வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்’ என்று யாராவது சொன்னால் காசை உள்ளே வையுங்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்வதும் கட்டாயமில்லை, எழுதியபோதே அது உங்களுடையது.

ஆனால் பலரும் மறக்கிற ஒரு கடமை உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் உங்கள் செலவில் நாலு படி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம். கொல்கத்தாவுக்குப் போகிற படி, நீங்கள் அச்சிட்டதிலேயே நல்ல தாளில், படம் எதுவும் விடுபடாமல் இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்கிறது. அனுப்பாவிட்டால் அபராதம் ஐம்பது ரூபாய் வரை, கூடவே புத்தகத்தின் விலை. அந்த ஐம்பதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, அதனால்தான் அனுப்புவதும் இல்லை. நீங்கள் அனுப்புங்கள். உங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) உள்ள கடைசிப் பிரதி பூஞ்சணம் பிடித்துப் போனாலும் கன்னிமாராவில் ஒன்று இருக்கும்.

தபாலுக்கு 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்ற, புத்தகங்களுக்கான குறைந்த கட்டண அஞ்சல் சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துப் பாருங்கள், ஆனால் அதை நம்பி அச்சகத்தில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் விலை ஏறுகிறது?
– வாசகர், கூடலூர்

வாங்கும்போது இல்லை, உருவாகும்போது உண்டு. தாளுக்கு வரி, அச்சுக்கூலிக்கு வரி, எழுத்தாளருக்குத் தரும் ராயல்டிக்குக்கூடப் பதிப்பாளர் வரி கட்ட வேண்டும். மற்ற தொழிலில் இப்படிக் கட்டியதை விற்பனை வரியில் கழித்துக்கொள்வார்கள். புத்தகத்துக்கு விற்பனை வரியே இல்லாததால் கழிக்க வழியில்லை, எல்லாம் விலையில் ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அச்சுத் தாளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பள்ளி நோட்டுக்குப் போகும் தாளுக்கு மட்டும் வரி இல்லை. எழுதாத தாளுக்குச் சலுகை, எழுதிய தாளுக்கு இல்லை!

இணையத்தில் நாற்பது சதவீதத் தள்ளுபடி. ஊரில் புத்தகக் கடை வைத்திருக்கும் எங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டா?
– கடைக்காரர், கொடைக்கானல்

இங்கே கிடையாது. பிரான்சில் உண்டு. பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் பெயரால் அழைக்கப்படும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலையைப் பதிப்பாளர் வைப்பார், யாரும் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைத்து விற்கக் கூடாது. ஜெர்மனியிலும் 2002இல் சட்டமே போட்டார்கள். பிரிட்டனில் வியாபாரிகள் தங்களுக்குள் வைத்திருந்த இதே மாதிரி ஒப்பந்தம் 1990களில் உடைந்தது.

நம் ஊரில் கண்காட்சியில் பத்து சதவீதம் கழிக்காவிட்டால் வாசகர் முகம் சுருங்கிவிடும், ஐந்தை ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம்தான். பதிப்பாளர்களே தங்கள் இணையதளத்தில் கடைக்குக் கொடுக்கிற கழிவைவிட அதிகமாக வாசகருக்குக் கொடுக்கிறார்கள், முதலில் அவர்களிடம் பேசுங்கள். அதுவரை, பள்ளிகளுக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்கும் உள்ளூர் நூல்களை வைத்துப் பாருங்கள். கோத்தகிரி அம்மாவின் பழமொழித் தொகுப்பு வந்ததும் இருபது படி கேட்டு எழுதுங்கள், முழுப் பணமும் முன்பே அனுப்பி.