ஸால்ட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் என் பேரனோடு நேற்று கேரம் ஆடினேன். ரெட்டையும் ஃபாலோவையும் அவன் அடுத்தடுத்துப் போட்டதும், ஸ்டிரைக்கரைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். “பாட்டா ஒரே ஸால்ட்டி” என்று அவன் தங்கையிடம் சொன்னது காதில் விழுந்தது. என் அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். மாலையில் வீடு திரும்பும்போது கணுக்கால் வரை உப்புப் பூத்திருக்கும். உப்பு எங்களுக்கு நன்றியின் பெயர். பேரன் என்னை என்ன சொன்னான்? அந்தச் சொல்லை நானும் அவனிடம் சொல்லலாமா?

வாசகர், புத்தளம்

அன்புள்ள ஐயா,

உங்கள் பேரன் இழிவாக எதுவும் சொல்லவில்லை. தோல்வியையோ சிறு கேலியையோ தாங்க முடியாமல் ஒருவர் உள்ளுக்குள் பொருமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதையே இன்றைய ஆங்கிலப் பேச்சுவழக்கு ‘ஸால்ட்டி’ என்கிறது; நம் பக்கத்தில் ‘பிணங்கிப் போய்விட்டான்’ என்போமே, ஏறக்குறைய அதுதான்.

உணவைப் பற்றிச் சொன்னால் அதற்கு உப்புக் கரிக்கிறது என்பதே பொருள். மாலுமிகளின் கொச்சைப் பேச்சையும் அப்படிச் சொல்வதுண்டு. கோபம் என்னும் பொருள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தது. திடீரெனச் சினந்தெழுவதை 1930களிலேயே அவர்கள் ‘ஜம்ப் ஸால்ட்டி’ என்றார்கள். பிற்பாடு வீடியோ கேம் ஆடுகிறவர்கள், தோற்றுவிட்டுக் குறை சொல்கிறவனை இப்படி அழைக்கத் தொடங்க, சொல் இளைஞர்களிடையே பரவியது.

உங்கள் மனம் சுருக்கென்றது எனக்குப் புரிகிறது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘உப்புப் போட்டுத்தானே சோறு தின்கிறாய்’ என்று ஒருவனைக் கேட்பது அவனுடைய மானத்தைத் தொட்டுக் கேட்பதாகும். ஆனால் பிணக்கத்தையும் உப்பையும் சேர்த்துப் பார்த்தவர் நம்மிடமும் உண்டு. ‘உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்’ என்பது 1302ஆம் குறள். காதலரிடையே எழும் ஊடல் உணவில் அளவாக அமைந்த உப்பைப் போன்றது, அதை நீளவிடுவதோ உப்பு சற்று மிகுந்துவிட்டதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். அளவான உப்பின் சுவையை அந்த ஆங்கிலச் சொல் அறியாது. அதற்குத் தெரிந்தது கரிப்பு மட்டுமே. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ‘இவ்வளவு சின்ன விஷயத்துக்கா’ என்ற லேசான ஏளனம் அச்சொல்லில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே கூலி கிடைக்காமல் குமுறுகிறவரையும், நெருங்கிய ஒருவரை இழந்து வருந்துகிறவரையும் ஸால்ட்டி என்பது கொடுமை; அதை எந்த இளைஞன் சொன்னாலும் நாம் திருத்த வேண்டும். அலுவலகக் கடிதத்துக்கும் அது ஆகாது.

விளையாட்டில், வீட்டாருக்குள், தாராளமாகச் சொல்லலாம். அடுத்த ஆட்டத்தில் அவன் தோற்று முகம் வாடி உட்கார்ந்தால், “என்ன மக்கா, ஸால்ட்டியா?” என்று நீங்களும் கேளுங்கள்.