முதலில் நனையட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கைக்கு இரண்டு மாதத்தில் பிரசவம். குழந்தைக்காக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைக் கையாலேயே தைக்கிறேன், 36 அங்குலச் சதுரம். மொடமொடப்பு போய்விடும் என்று புதுத்துணிகளைத் துவைக்காமலே 5 அங்குலத்தில் 64 துண்டுகள் வெட்டிவிட்டேன். இணைத்த வரிசைகளில் மூலைகள் சேரவில்லை. நடுவில் வரும் முயலுக்குக் கண்ணாக இரண்டு பொத்தான் வைக்க ஆசை. மேலே ஓடும் தையலுக்கு வெள்ளை நூல் நல்லதா, நிற நூலா?

ர.

அன்புள்ள ர.,

நூலுக்குப் பிறகு வருகிறேன். ‘துவைக்காமலே’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். கைக்குழந்தைக்குத் தைப்பவர்கள் எல்லோரும் பார்வைக்கு எப்படி இருக்கும் என்றே கேட்கிறார்கள், துவைத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லையே என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணிமேல் குழந்தை பால் கக்கும், மூத்திரம் போகும், ஓரத்தை வாயில் வைத்துச் சப்பும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தண்ணீரில் கிடக்கப்போகும் பொருள் அது.

பருத்தி முதல் துவைப்பிலேயே பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 36 அங்குலத்தில் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ இரண்டு அங்குலம். எல்லாம் ஒரே அளவில் சுருங்கினால் பாதகமில்லை. ஆனால் தளர்ந்த நெசவு அதிகம் சுருங்கும், நெருங்கிய நெசவு குறைவாகச் சுருங்கும். நீளவாக்கு நூலான பாவு ஓடும் பக்கம் ஒரு கணக்கு, குறுக்கு நூலான ஊடை ஓடும் பக்கம் வேறு கணக்கு. பல துணிகளிலிருந்து வந்த 64 துண்டுகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தையல் ஓரமெல்லாம் கோணும். சாயமும் இருக்கிறது. அடர்சிவப்பும் கருநீலமும் முதல் அலசலில் இறங்கிப் பக்கத்து வெள்ளையில் ஏறும். ஏறிக் காய்ந்த சாயத்தைப் போக்குவது பெரும்பாடு. நீங்கள் காப்பாற்ற நினைத்த மொடமொடப்போ ஆலையில் ஏற்றிய கஞ்சியும் பூச்சும். குழந்தையின் வாய்க்குப் போகும் துணியில் அது எதற்கு அம்மா? வெட்டுவதற்கு விறைப்பு வேண்டுமென்றால் துவைத்துக் காயவைத்து, லேசாகக் கஞ்சி தெளித்து இஸ்திரி போட்டால் போதுமே.

சரி, வெட்டியாகிவிட்டது. இனி அந்தத் துண்டுகளைத் துவைக்காதீர்கள், நாலு ஓரமும் பிசிறிவிடும். மிச்சத் துணியில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துணுக்கை எடுத்து, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை படிந்தால் அந்த நிறத்தை இரக்கமில்லாமல் நீக்குங்கள், தைத்திருந்தாலும் பிரியுங்கள். அடித்துணியும் பருத்தியாக, துவைக்காததாகவே இருக்கட்டும். மேல்துணி சுருங்கி அடித்துணி சுருங்காமல் நின்றால் பின்பக்கம் பையாகத் தொங்கும். நடுவே பருத்திப் பஞ்சு விரிப்பு வையுங்கள், மூன்றும் சேர்ந்தே சுருங்கும். அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துப் போடும் ஓட்டுத்தையல் வரிகளுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல் இடம் விடாதீர்கள், விட்டால் பஞ்சு நகர்ந்து உருண்டைகட்டும். முடித்ததும் நீங்களே ஒருமுறை துவைத்து, கோளாறு இருந்தால் சரிசெய்துவிட்டுக் கொடுங்கள். பச்சை உடம்புக்காரி தலையில் அந்த வேலையைக் கட்டாதீர்கள்.

மூலைகள் சேராததற்குக் காரணம் கால் அங்குலம்தான். இருபக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 5 அங்குலத் துண்டு நாலரையாகும், எட்டு சேர்ந்தால் 36. தையல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே தள்ளினால்கூட, ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டுமே அவ்வளவு குறையும், ஏழு தையல்களில் முக்கால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். துண்டுகளின் பின்புறம் பென்சிலால் கோடிழுத்துத் தையுங்கள். தையல் மடிப்பை ஒரு வரிசையில் வலப்பக்கமும் அடுத்த வரிசையில் இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பெட்டியை வைத்து எடுங்கள், இழுத்தால் சதுரம் கோணும்.

பொத்தான் கூடவே கூடாது. துவைக்கத் துவைக்க நூல் தளரும், பொத்தான் தொண்டைக்குப் போகும். முயலின் கண்ணை நூலாலேயே போடுங்கள். தங்கையிடம் இதையும் சொல்லுங்கள்: முதல் 12 மாதம், தூங்கும் குழந்தைமேல் இதைப் போர்த்தக் கூடாது, தூங்கும் இடத்திலும் வைக்கக் கூடாது. முகத்தை மூடினால் அதற்கு விலக்கத் தெரியாது. குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் விரித்துப் படுக்கவைக்கலாம்.

நூல், துணியின் நிறத்துக்கு ஒத்ததாக இருக்கட்டும், சீரில்லாத தையலை மறைக்கும். பருத்தி நூல்தான், 18 அங்குலத்துக்கு மேல் கோக்க வேண்டாம். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே நீவிக்கொண்டே 4 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். எத்தனை குத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள், கழற்றும்போது எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை போர்வை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.