நகையை அடகு வைத்துக் கப்பல் ஏற வேண்டாம்

போன வாரம் பாம்பனிலிருந்து ஒரு குடும்பம் மகனின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னிடம் வந்தது. அப்பா வல்லத்தில் மீன்பிடிப்பவர். அம்மா கையில் துணிப்பை, அதற்குள் மகனுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் பளபளவென்று ஒரு நோட்டீஸும். இருபது மாடிக் கப்பல், வெள்ளைத் தொப்பி வைத்த சமையல்காரர், டாலரில் சம்பளம் என்று கொட்டை எழுத்து. உல்லாசக் கப்பலில் பயணிகளைக் கவனிக்கும் வேலைக்கான ஒரு வருட குரூஸ் ஹாஸ்பிடாலிட்டி டிப்ளமா, கட்டணம் மூன்றேகால் லட்சம். துபாயில் இருக்கும் தாய்மாமன்தான் பிடித்துக்கொடுத்தாராம், பத்தாயிரம் அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. "சார், மீதிக்கு நகையை வைத்துவிடலாமா?" என்று அம்மா கேட்டார்.

பயப்படாதீர்கள், நல்ல பையன் என்று இரண்டு நிமிடம் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்றால், அந்த நோட்டீஸில் இருப்பது பயணிக்குக் காட்டுகிற கப்பல். உல்லாசக் கப்பல் கம்பெனிகள் ஜனவரி முதல் மார்ச் வரை சலுகை விலையை அள்ளி வீசி டிக்கெட் விற்கும், அந்தத் தொழிலில் அதற்கு 'அலை சீசன்' என்றே பெயர். டிக்கெட்டை மலிவாகக் கொடுத்து ஆளை ஏற்றிவிட்டால் அப்புறம் மது, சூதாட்டம், ஸ்பா, போட்டோ, கரையில் சுற்றுலா என்று உள்ளே வசூல் நடக்கும். கார்னிவல் மாதிரிப் பெரிய கம்பெனிக்கு வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. ஆகவே அங்கே பரிமாறுகிறவர் பாதி விற்பனையாளர், பல கப்பல்களில் அவர் சம்பளத்தில் பெரும்பகுதி டிப்ஸ். மாமா 'அமெரிக்கக் கம்பெனி' என்கிறார். அலுவலகம் மயாமி பக்கம்தான், ஆனால் கார்னிவல் பல வருடம் பதிவாகியிருந்தது பனாமாவில், இன்னொரு பெரிய கம்பெனியான ராயல் கரீபியன் லைபீரியாவில், கப்பல்களில் பெரும்பாலானவற்றில் பஹாமாஸ், பனாமா என்று ஏதாவது ஒரு நாட்டுக் கொடி, சட்டமும் அந்த நாட்டுடையதுதான். அமெரிக்கச் சம்பளச் சட்டத்தை அங்கே தேட முடியாது. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், வார விடுமுறை பெரும்பாலும் கிடையாது, ஊர் திரும்பினால் அடுத்த ஒப்பந்தம் வரை பெரும்பாலானவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் நின்றபோது ஊழியர்கள் மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தார்கள்.

இவ்வளவு பேசியும் பையன் வாய் திறக்கவில்லை. லீவில் என்ன செய்வாய் தம்பி என்றதும்தான் நிமிர்ந்தான். தெரிந்தவருடைய ஐஸ் பிளான்ட்டுக்குப் போவானாம். கம்ப்ரசர் ஏன் சூடாகிறது, அமோனியா வாடை வந்தால் எந்த வால்வை முதலில் மூட வேண்டும் என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். அவனுடைய அப்பா அவனை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நாட்டிகல் சயின்ஸ், மரைன் இன்ஜினியரிங் எல்லாம் ஊரே சொல்லும், அதை விடுகிறேன். அரசு ஐ.டி.ஐ.யில் குளிர்பதன, ஏசி மெக்கானிக் பிரிவு இருக்கிறதே, அதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கல்யாணப் பத்திரிகையில் போட முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், இரண்டு வருடம். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. இவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, அதனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000. செப்புக் குழாயை வளைப்பது, பிரேஸிங் வைத்து ஒட்டுவது, வாக்யூம் போட்டு கேஸ் ஏற்றுவது, கன்ட்ரோல் வயரிங், எல்லாம் கையால் செய்து பழக வேண்டிய வேலை. முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ். அப்புறம் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஐஸ் பிளான்ட், இறால் கம்பெனிக் குளிர் அறை என்று வேலை இருக்கிறது. விசைப்படகு நிற்கும் அந்த 61 நாள் தடைக்காலத்தில் பிளான்ட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள், இவன் இப்போதிருந்தே கூட நிற்கலாம்.

கப்பல் ஆசை விடவில்லையா, இதே தொழில் அங்கேயும் கூட்டிப்போகும். ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலில் பயணிகளும் ஊழியர்களுமாகப் பத்தாயிரம் பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் வேண்டிய இறைச்சி, மீன், பால் குளிர் அறையில், அத்தனை அறைக்கும் ஏசி. கரீபியன் வெயிலில் அது நின்றால் மொத்தக் கப்பலும் கத்தும். அதைப் பார்க்கிறவர் இன்ஜின் பிரிவு ஆள், டிப்ஸை நம்பி நிற்பவர் இல்லை. கரையில் சில வருடம் கைபழகிய பிறகு, எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கடலோடி விதிப்படி அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, சி.டி.சி. என்ற கடலோடிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்று, அவ்வளவுதான்.

செலவு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி (2006-இல் வந்தது, இந்தியா 2015-இல் ஏற்றது) வேலை வாங்கித்தர அவர் தொழிலாளியிடம் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. பயிற்சிக் கட்டணம் போக, பாஸ்போர்ட், சி.டி.சி., மருத்துவச் சான்று மட்டும் நம் கைக்காசு. விசாச் செலவுகூடக் கப்பல்காரருடையது. 'பிளேஸ்மென்ட் சார்ஜ்' என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா கடைசியில், "அண்ணன் கோபித்துக்கொள்வாரே சார்" என்றார். அவரை எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன். கட்டிய பத்தாயிரம் போனால் போகட்டும், ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.